மூன்று டீஸ்பூன் எண்ணெயில் அத்தோ: அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு எங்கள் அடுப்படி

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, மருந்துப் பையோடு ஒரு தாளும் வந்தது. உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு எண்ணெய் 3 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூனுக்குள், காயும் பருப்பும் நிறைய, தேங்காயும் நெய்யும் குறைவு, மைதா வேண்டாம். அம்மா அதைப் படித்து, நாலாக மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். "நாம சைவம்தானடா. இதெல்லாம் கறி துன்றவங்களுக்கு" என்றார்.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் மீன் வாசனை வரும், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடையாது. அதனால் நெஞ்சு நோய் நம் பக்கம் திரும்பாது என்று இருந்துவிட்டோம். ஆனால் நாங்கள் சாப்பிட்ட சைவம் எது? ஞாயிறு பூரி, சாயங்காலம் பஜ்ஜி, தினம் அப்பளம், பொரியலில் கை நிறையத் தேங்காய், தயிர்சாதத்துக்கு ஊறுகாய், மோர்மிளகாய். மீன் இல்லை, அவ்வளவுதான். நெஞ்சுக்கு ஆதரவாக அதில் ஒன்றுமே இல்லை.

அம்மா தேறும்வரை சமையல் என் பொறுப்பு என்று ஏற்பாடு. மனைவிக்குக் காலை வேலை, எனக்கு ஹார்பர் பக்கம் இரண்டாவது ஷிஃப்ட். சமைக்கத் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்தேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. கடந்த மாத மளிகைச் சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாலு பேருக்கு மாதம் 5 லிட்டர் எண்ணெய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 41 மில்லி, அதாவது 8 டீஸ்பூன். உணவு ஆலோசகர் தாளில் எழுதியிருப்பது 3.

உப்புக்கு வேறு வழி. புதிய 1 கிலோ பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதி வைத்தேன். 21 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 12 கிராம். கீரை அலச, பழம் கழுவ என்று கொஞ்சம் போயிருக்கும், ஆனால் ஊறுகாய், அப்பளம், பிஸ்கட்டில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கிலேயே வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அப்படியானால் எங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வரவேண்டும். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் பாக்கெட்டில் தேதி எழுதுவதை மட்டும் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாகச் சமைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். தனிச் சமையல் பத்து நாள்கூட நிற்காது. பக்கத்துத் தட்டில் நல்ல வாசனை வரும்போது தன் தட்டில் பத்தியச் சோறு என்றால் யாருக்குத்தான் இறங்கும்? ஒரே பானை, நாலு பேருக்கும்.

சமையல் தராசு ஒன்று வாங்கினேன். தினம் காலையில் 60 மில்லி எண்ணெயை ஒரு சின்ன பாட்டிலில் அளந்து வைப்பேன். அன்றைக்கு அவ்வளவுதான், தீர்ந்தால் தீர்ந்தது. உப்பு 16 கிராம் ஒரு டப்பியில். ஆளுக்கு 5 வீதம் 20 கிராமில் மீதி 4 கிராம், வெளியிலிருந்து வரும் பொருள்களில் ஒளிந்திருப்பதற்கு. கரண்டியால் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூள் உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன் 6 கிராம் பக்கம் வரும். கல் உப்பில் இடைவெளி இருப்பதால் அதே டீஸ்பூனில் எடை குறைவாக நிற்கும். நாங்கள் குழம்புக்குக் கல் உப்பு, பொரியலுக்குத் தூள் உப்பு என்று பழகியவர்கள். அதனால் தராசுதான் சரி.

முதல் வாரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. காலை பத்து மணிக்கே எண்ணெய் பாட்டில் காலி. தோசைக்குப் பாதி, சாம்பார் தாளிப்புக்குக் கொஞ்சம், பீன்ஸ் பொரியலுக்கு மீதி. இரவுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது நாள் பொரியலுக்கு 2 டீஸ்பூன்தான் என்று பிடிவாதமாக நின்றேன். எவர்சில்வர் கடாயில் பீன்ஸ் பாதி வேகாமல், பாதி கருகி, அடியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டிப் போட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

பொரியலில் எண்ணெய் எதற்கு என்று அப்புறம்தான் யோசித்தேன். காயை வேகவைக்க எண்ணெய் தேவையில்லை, அதற்கு ஆவி போதும். கடுகும் உளுத்தம்பருப்பும் பொரிய, அந்த வாசனை காயில் ஏற, அதற்குத்தான் வேண்டும். அதனால் இட்லிக் குண்டானில் தட்டு வைத்து, பொடியாக நறுக்கிய பீன்ஸை 6 நிமிடம் ஆவியில் வைத்தேன். பச்சை நிறம் போகாமல், கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்கும் பதம். தாளிப்புக் கரண்டியில் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாய். அதைக் காயின் மேல் கொட்டிப் பிரட்டினால் நாலு பேருக்குப் பொரியல். தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவினேன். வெண்டைக்காய் மட்டும் ஆவியில் கொழகொழத்துப் போகும். அதை எண்ணெய் இல்லாமல் இரும்புக் கடாயில் சிறுதீயில் வதக்கி, பிசுபிசுப்பு வற்றிய பிறகு தாளித்தால் சரியாக வருகிறது.

இரும்புக் கடாய் புதிதாக வாங்கியது. ஒரு வாரம் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வைத்து, துடைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கினேன். இப்போது ஒட்டுவதில்லை. புளிக்குழம்பை மட்டும் அதில் வைப்பதில்லை, கறுத்து இரும்பு வாடை வந்துவிடும்.

எண்ணெய் எந்த எண்ணெய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம், ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் பாதி. இரண்டையும் நிறுத்திவிட்டோம். மரச்செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு ஊற்றினாலும் நல்லது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். அளவு அளவுதான். வனஸ்பதிக்கும் எண்ணெய்க்கும், எண்ணெயை இறுகவைக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதில் அப்படியே இருக்கிறது, அதனால் பேக்கரி பஃப்ஸ் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை.

உப்புதான் எண்ணெயைவிடப் பெரிய போராட்டம். சாம்பாரில் உப்பைப் பாதியாக்கிய அன்று அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாடா இது, சப்புனு கீது" என்றார். மகள் தட்டை நகர்த்திவிட்டாள். ஊறுகாய் பாட்டில் மேசைக்குத் திரும்பி வந்தது. ஊறுகாயில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம், ஆக சாம்பாரில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விட்டது.

இரண்டு வாரம் பலவிதமாக மாற்றிப் பார்த்ததில் கைக்கு வந்தவை இவை. சோறு, சப்பாத்தி மாவு, மோர் மூன்றிலும் உப்பே போடுவதில்லை. பக்கத்தில் குழம்பு இருக்கும்போது அதன் குறை தெரிவதில்லை. குழம்பில் உப்பைக் கொதிக்கும்போது போடாமல் இறக்கும்போது போடுகிறேன். பொரியலில் தாளித்துப் பிரட்டிய பிறகு மேலாகத் தூவுகிறேன். அதே 2 கிராம் உள்ளே வெந்து மறைவதைவிட மேலே இருக்கும்போது நாக்குக்கு நன்றாகத் தெரிகிறது. புளிப்பு இருந்தால் உப்பு குறைவாகக் கேட்கும், அதனால் தக்காளியைக் கூட்டினேன், இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை. சாம்பார் பொடியைக் கடையில் வாங்குவதை விட்டு, சௌகார்பேட்டை மின்ட் தெருவில் தனியா, மிளகு, சீரகம் வாங்கி வந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை வறுத்து அரைக்கிறேன். பழைய பொடிக்கும் புதுப்பொடிக்கும் உள்ள வித்தியாசம், அரை டீஸ்பூன் உப்புக்குச் சமம் என்றுகூடச் சொல்வேன்.

இட்லி மாவில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உப்பைப் பாதியாக்கி இரவு கரைத்து வைத்தேன், காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையெல்லாம் மாவு. உப்பு புளிப்பை அடக்கி வைக்கும் என்று படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அதுவும் சென்னை வெயிலுக்கு. இப்போது ஐந்து மணி நேரத்திலேயே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். அந்த லேசான புளிப்பே உப்பின் குறையை மூடிவிடுகிறது. இட்லி அரிசியில் பாதியை எடுத்துவிட்டுச் சாமை சேர்த்ததும் நன்றாக வந்தது. முழுக்க வரகில் செய்தது தட்டில் ஒட்டிக்கொண்டது, அதைத் திரும்பச் செய்யவில்லை.

ஓட்ஸ் பற்றி ஒரு வரி. ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. நாளைக்கு 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறைய உதவும். ஓட்ஸாக என்றால் சுமார் 75 கிராம். அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி பிடிக்கவில்லை, பார்லியைக் குழைய வேகவைத்து மோர் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தால் குடிக்கிறார். சரி, அது போதும்.

இனி அத்தோ, கையால் பிசைந்து கலக்கும் பர்மா நூடுல்ஸ். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா ரங்கூனில் பிறந்தவர். 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் பாட்டியின் குடும்பமும் ஒன்று. வியாசர்பாடியில் குடியேறினார்கள். பாட்டி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அத்தோ, கூடவே வாழைத்தண்டு சூப். பாட்டி போன பிறகு பர்மா பஜார் பக்கம் போகும்போதெல்லாம் முட்டை வேண்டாம் என்று சொல்லி ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுவது அம்மாவின் வழக்கம். அதில் மைதா நூடுல்ஸ், கலர், எண்ணெயில் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ற பொரித்த தட்டை, கடைசியில் ஒரு கரண்டி எண்ணெய். ஆலோசகர் தாளில் வேண்டாம் என்று எழுதியிருந்த எல்லாமே ஒரே தட்டில். ஆறாவது வாரம் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அத்தோ துன்னு எத்தினி நாளாச்சு" என்றார். கேட்கவில்லை, சும்மா சொன்னார். அதனாலேயே எனக்கு மனசு கேட்கவில்லை.

முதல் முயற்சி, பாக்கெட் கோதுமை நூடுல்ஸ். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பதை 2.5-ஆல் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும். பெருக்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். இரண்டாவது, கேழ்வரகு சேமியா. கையால் பிசைந்ததும் உப்புமா ஆகிவிட்டது.

மூன்றாவதுக்கு அம்மாவே வழி சொன்னார். கோதுமை மாவை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி இட்லிக் குண்டானில் 20 நிமிடம் ஆவியில் வைக்க வேண்டும். எடுக்கும்போது சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகியிருக்கும். சூடு குறைந்ததும் உதிர்த்துச் சலித்து, கொதிநீர் விட்டுப் பிசைய வேண்டும். கோதுமை இடியாப்பத்துக்குச் செய்யும் பக்குவம்தான், பசை போய் இழை ஒட்டாது. இடியாப்ப அச்சு வேண்டாம், இழை மெல்லியதாகி உடையும். தேன்குழல் அச்சைப் போட்டு 300 கிராம் மாவைப் பிழிந்து 8 நிமிடம் வேகவைத்தேன். அத்தோ நூடுல்ஸின் கனம் அப்படியே வந்தது. சூட்டோடு கலந்தபோது பாதி இழை உடைந்தது. அடுத்த முறை மின்விசிறிக்குக் கீழே தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டேன். ஆறினால் இழை இறுகிவிடுகிறது, கையால் எவ்வளவு பிசைந்தாலும் தாங்குகிறது.

அத்தோவின் உயிர் பூண்டெண்ணெயிலும் பொரித்த வெங்காயத்திலும் இருக்கிறது. அங்கே கை வைத்தால் அது அத்தோ இல்லை. 12 பல் பூண்டை மெல்லிய வில்லைகளாகச் சீவினேன். இரும்புக் கடாயில் 25 மில்லி கடலை எண்ணெய். எண்ணெய் காயும் முன்பே பூண்டைப் போட்டுச் சிறுதீ. முதலில் சத்தமே வராது. நாலைந்து நிமிடத்தில் வில்லையின் ஓரத்தில் ஊசிமுனை போலக் குமிழ்கள் வரும், அப்புறம் வாசனை மாறும், பச்சைப் பூண்டின் காரம் போய் ஒரு கொட்டை வாசனை. வைக்கோல் நிறம் வந்த உடனே வடித்து எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் அது இரண்டு சுற்று நிறம் ஏறும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்த முதல் முறை கசந்துவிட்டது. அதே எண்ணெயில் வெங்காயம். இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, மொட்டை மாடியில் துணியில் ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு ஈரத்தை இழுத்திருந்தேன். ஈரம் போனால் கொஞ்ச எண்ணெயிலேயே இருபது நிமிடத்தில் மொறுமொறுப்பு வந்துவிடுகிறது. மிஞ்சிய எண்ணெய் 3 டீஸ்பூன் இருக்கும், பூண்டும் வெங்காயமும் ஊறிய எண்ணெய். அதுதான் நூடுல்ஸுக்கு. பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் சூடாக்கும் பழக்கம் இதோடு போயிற்று, ஏனென்றால் மிச்சமே இருப்பதில்லை.

கலக்கும் வரிசை முக்கியம். முட்டைக்கோஸில் முதலில் புளித்தண்ணீர் பட்டால் நீர் விட்டு எல்லாம் நசநசக்கும். ஆறிய இழைக்கு முதலில் பூண்டெண்ணெய், அப்புறம் வெறும் கடாயில் வறுத்த கடலைமாவு 3 மேசைக்கரண்டி, வறுத்து நொறுக்கிய மிளகாய். அடுத்து ஒரு கொதி வந்த கெட்டிப் புளிக்கரைசல், அதில் 1 கிராம் உப்பு. கடைசியாக நூல்போல் சீவிய முட்டைக்கோஸ், கேரட், பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. மேலாக இன்னும் 2 கிராம் உப்பு. பேஜோவுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை.

சூப்புக்கு எண்ணெயே இல்லை. வாழைத்தண்டை வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் நார் இழுத்துக்கொண்டு வரும், அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். இந்த வேலையை அம்மா செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அடுப்படியில் அவர் உட்கார்ந்து செய்த முதல் வேலை. நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காது. சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, மஞ்சள், கெட்டிக்கு வறுத்த கடலைமாவு கரைசல், 2 கிராம் உப்பு. நாலு பேருக்கும் சேர்த்து அந்த வேளைக்கு 5 கிராம் உப்பு, 25 மில்லி எண்ணெய்.

அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளி பத்தல" என்றார். உப்பு பத்தல என்று சொல்லவில்லை. மூன்று மாதத்தில் நாக்கு மாறியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் எண்ணெய் இரண்டே கால் லிட்டர். கடைசி உப்புப் பாக்கெட் 43 நாள் வந்தது. 50 இல்லை, ஆனால் 21-லிருந்து 43. ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். இறங்கியிருக்கிறது. அம்மா கொழுப்புக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார், அதனால் எது எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லமாட்டேன். சாப்பாடு சரியாகிவிட்டதே, மாத்திரையை விடலாமே என்று எதிர்வீட்டில் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் விடக்கூடாது. அதேபோல் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம், கேட்காமல் வாங்காதீர்கள். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் என்னைப் பார்த்துத் திடீரென்று கீரையைக் கூட்ட வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும், அளவு ஒரே சீராக இருக்க வேண்டும்.

மோர்மிளகாய்க்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. வழக்கமான உப்பில் கால் பங்கு போட்டு, புளித்த மோரில் ஊறவைத்து மாடியில் காயவைத்தேன். மூன்றாம் நாள் காம்போரம் பூஞ்சை பிடித்துவிட்டது, மொத்தமாகக் கொட்டினேன். உப்புதான் அதைக் கெடாமல் காப்பது என்பது தெரிந்ததுதான். அடுத்தது கால் கிலோ மட்டும் போடப் போகிறேன். நீளவாக்கில் கீறி, ஒரே இரவு ஊறவைத்து, மறுநாள் நல்ல வெயிலில் மோரை வடித்துவிட்டுத் தனியாகக் காயவைத்து, இரண்டாம் நாளே ஃப்ரீசரில் வைக்கலாம் என்று எண்ணம். எண்ணெயில் பொரிக்காமல் இரும்புக் கடாயில் வறுத்தால் வருமா என்பதையும் அதில்தான் பார்க்க வேண்டும். அம்மா மிளகாய்க்குச் சொல்லி வைத்திருக்கிறார்.